சத்தமும் சமிபாடும்

"சாப்பாடு இறங்குதில்லை, சுவாமி. வெடி கேட்டாலே வயிறு பிசையுது." 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த குடும்பங்களிடம் நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். 2009இல் யுத்தம் முடிந்த பின்பும் கேட்கிறோம். வீட்டாரே இதை மனப்பிரமை என்று தள்ளிவிடுவதுண்டு. அது சரியல்ல.

பெருஞ்சத்தம் திடீரெனக் கேட்டதும் மூளை உடலுக்கு ஆபத்தை அறிவிக்கிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலீனைச் சுரக்கின்றன. இதயம் படபடக்கிறது, குருதி வயிற்றை விட்டுக் கைகால் தசைகளுக்கு ஓடுகிறது. இது ஓடித் தப்புவதற்கான ஏற்பாடு. அவ்வேளையில் சமிபாடு பிந்திப் போகிறது. வாய் உலர்கிறது. இரைப்பையின் அசைவு குறைந்து, உண்ட சோறு அங்கேயே தங்குகிறது. பெருங்குடலோ விரைந்து இயங்குகிறது. ஷெல் விழும்போது பதுங்குகுழிக்குள் மலங்கழிக்க அந்தரப்பட்டவர்கள் பலர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க உடலியலாளர் வால்ரர் கனன், பூனைகளின் இரைப்பையை எக்ஸ் கதிரால் பார்த்து, அவை கலவரப்பட்டதும் அசைவு நிற்பதை 100 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்தார்.

ஒருநாள் என்றால் விரைவில் சீராகும். மாதக்கணக்கில் தொடர்ந்தால்? 1940-41இல் ஜேர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு வீசியபோது, குடற்புண் துளைத்து ஆஸ்பத்திரிக்கு வந்தோர் தொகை கூடியதை அந்நாட்டு வைத்தியர்கள் பதிவுசெய்தனர். சத்தமா, பயமா, நித்திரையின்மையா, நேரந்தவறிய சாப்பாடா என்று பிரிப்பது கடினம். நமக்கும் எல்லாம் சேர்ந்தே வந்தன.

அதற்காக எல்லாவற்றையும் சத்தத்தின் தலையில் போடவும் கூடாது. குடற்புண்ணுக்கு முக்கிய காரணம் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்னும் பக்ரீரியா. இதைக் கண்டறிந்த அவுஸ்திரேலிய வைத்தியர்கள் வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்குக் குணப்படுத்தும் மருந்து உண்டு. மற்றக் காரணம் நோ மாத்திரை. தோட்டத்தில் குனிந்து நாரி நொந்தவர்கள் வெறுவயிற்றில் டிஸ்பிரின் போடுவதை நாம் காண்கிறோம். தார்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமற்ற மெலிவு என்றால் ஒருநாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சத்தம் கேட்டு உலுப்புண்டவரை உடனே சாப்பிட வற்புறுத்தாதீர்கள். சற்று இருத்தி, மெல்ல மூச்சு விடச் சொல்லி, பிறகு கொஞ்சம் கஞ்சி கொடுங்கள். வெடியும் ஒலிபெருக்கியும் நம் கோவில் திருநாள்களிலும் குறைவில்லை; முதலில் நாமே திருந்தவேண்டும். வெடி கொளுத்துமுன் அயல்வீடுகளுக்குச் சொல்லிவைக்கலாம். எதிர்பார்த்திருக்கும் சத்தம் அவ்வளவு உலுப்புவதில்லை.