பெல்லின் சிறு துப்பாக்கி

மருமகனுக்கு,

ஆப்பிரிக்கக் காடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட கரமோஜோ பெல், அவற்றில் பெரும்பகுதியை ஏழு மில்லிமீட்டர் குழல்விட்டமுள்ள .275 ரிக்பி துப்பாக்கியாலேயே வீழ்த்தினார் என்று படித்துவிட்டு, பின் .375, .470 முதலிய கனத்த துப்பாக்கிகள் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானதே. ஆனால் சிறு துப்பாக்கியே போதுமென்று நீ கொண்ட முடிவு, வாயில்லா ஜீவன் ஒன்றை நாட்கணக்கில் துடிக்கவைக்கக்கூடியது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

யானையின் தலை எத்தனை பிரம்மாண்டமாயினும், தேனடைபோல் துளைகள் மலிந்த எலும்புக்குள்ளே வெகு ஆழத்தில் பொதிந்திருக்கும் மூளை ஒரு பெரிய ரொட்டியின் அளவுதான். இறந்த யானையின் கபாலத்தை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்தில் நின்றாலும் அம்மூளை எங்கே இருக்கும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டவர் பெல். அவர் பிரயோகித்ததோ 173 கிரெயின், அதாவது சுமார் 11 கிராம் எடையும், உட்சென்றபின் விரியாதபடி உலோக உறையும் கொண்ட நீண்ட குண்டு. அது வளையாமல் நேரே ஊடுருவியது. மானுக்கு உகந்த, உடலுக்குள் விரியும் மென்முனைக் குண்டை அதே துப்பாக்கியில் இட்டிருந்தால் அவருடைய சாமர்த்தியமும் வீணாகியிருக்கும். குழல்விட்டத்தையே எல்லோரும் விசாரிக்கிறார்கள். குண்டின் தன்மையை விசாரிப்பவர் சிலரே என்பதில் எனக்கு மிக்க வருத்தம்.

லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியார் 1912-இல் வெளியிட்ட .375 மாக்னம், 300 கிரெயின் குண்டை விநாடிக்குச் சுமார் 2500 அடி வேகத்தில் செலுத்துவது. அதன் தாக்கும் சக்தி பெல்லின் தோட்டாவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சட்டம், யானை, காட்டெருமை முதலிய அபாயகரமான மிருகங்களுக்கு இதற்குக் குறைந்த விட்டம் கூடாது என்கிறது. ஏனெனில் மூளைக்கு நாலு விரற்கடை தப்பிய சிறு குண்டை யானை பொருட்படுத்தாது. கனத்த குண்டோ சில கணமேனும் அதைத் திகைக்கவைத்து, இரண்டாவது வெடிக்கு அவகாசம் தரும். ஆயினும் அத்துப்பாக்கியின் உதைப்புக்கு அஞ்சி விசையிழுக்கும்போதே கண்ணை மூடுகிறவன், முதலில் தன் தோளைப் பழக்கவேண்டும்.

இன்னொன்றையும் நினைத்துக்கொள். காயம்பட்ட எருமை ஓடிய வழியே சுற்றித் திரும்பிப் புதரில் காத்திருப்பதுண்டு. அது முதலில் பாய்வது உன்மேல் அல்ல, உனக்கு முன்னே குனிந்து இரத்தத்துளிகளைப் பார்த்துச் செல்லும் தடங்காட்டியின்மேல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா