எந்தப் பாதுகாப்புக்கு முதல் செலவு? விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் சாலைகளில் ஓட்டுவோருக்கான கார் வழிகாட்டி

மோதலைத் தவிர்க்கும் கருவிகள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை பணக்காரர்களின் கார்களில் மட்டுமே இருந்தன. 2021இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் போன்ற கார்கள் அவற்றை நடுத்தர விலைக்கு இறக்கின. 2024இல் ஹோண்டா அமேஸ் போன்ற சிறிய செடானிலேயே அவை வந்துவிட்டன. இந்தத் தொழில்நுட்பம் நமக்குத் தொலைவானதும் அல்ல. எக்ஸ்யூவி700ஐ உருவாக்கிய மஹிந்திரா ஆய்வு மையம் செங்கல்பட்டு அருகே இருக்கிறது. அந்த நிறுவனத்தின் சோதனை ஓடுதளமும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஆகவே கார் வாங்கப் போகும் குடும்பத்தின் முன் இன்று ஒரு புதிய கேள்வி நிற்கிறது: கூடுதலாகத் தரும் ஒன்றிரண்டு லட்சத்தை எந்த வசதிக்குத் தருவது? என் பதில் ஓர் எளிய அளவுகோலில் அடங்கும். ஒவ்வொரு கருவியும் வேலை செய்வதற்குச் சாலையிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று கேளுங்கள். எதிர்பார்ப்பு குறைந்த கருவிக்கு முதலில் செலவு செய்யுங்கள்; அதிகம் எதிர்பார்ப்பதைக் கடைசியில் வையுங்கள்.

இந்த அளவுகோல் ஏன் வேண்டும் என்பதை இந்த வட்டாரத்தின் சாலைகளே சொல்லும். மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயில் இருக்கும் மண்டகப்பட்டிலிருந்து புறப்படும் கார் முதலில் கோடே போடாத ஊர்ச்சாலையில் போகிறது. அடுத்து விழுப்புரம்–செஞ்சி சாலை. பிறகு விக்கிரவாண்டி பக்கம் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை. ஒரே பயணத்தில் மூன்று வகைச் சாலை, மூன்று வகை ஆபத்து. ஊர்ச்சாலையில் ஆடுமாடும், சாலையிலேயே காயும் நெல்லும். செஞ்சிச் சாலையில், அரவைப் பருவத்தில், பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்கள். நான்குவழிச் சாலையில் ஓரம் நிறுத்திய லாரியும், சென்டர் மீடியன் இடைவெளியில் குறுக்கே வரும் பைக்கும், ராங் சைடில் எதிரே வரும் வண்டியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தோரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். காருக்குள் இருப்பவரைக் காப்பது எவ்வளவு முக்கியமோ, காருக்கு முன்னால் வருபவரைக் காப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

சாலையிடம் எதுவுமே எதிர்பார்க்காதவை நான்கு: பயணிகளைச் சூழ்ந்த உறுதியான உலோகக் கூண்டு, சீட் பெல்ட், ஏர்பேக், இஎஸ்சி எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாடு. கோடு அழிந்திருந்தாலும் மழை கொட்டினாலும் இவை வேலை செய்யும். இவற்றில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இஎஸ்சி. திடீரென்று குறுக்கே வந்த மாட்டுக்கு ஸ்டியரிங்கை ஒடித்தால் கார் வழுக்கிச் சுழலும். அந்த நொடியில் இஎஸ்சி தேவையான சக்கரத்துக்கு மட்டும் தனியாக பிரேக் கொடுத்து, ஓட்டுநர் திருப்பிய திசைக்கே காரைக் கொண்டுவரும். தனி வாகன விபத்துகளை அது கார்களில் 34 சதவீதமும் எஸ்யூவிகளில் 59 சதவீதமும் குறைக்கும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் மதிப்பிட்டு, பிறகு அதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் மதிப்பீட்டில் இஎஸ்சி இல்லாத கார் மூன்று நட்சத்திரத்தைத் தொட முடியாது. சீட் பெல்ட்டைப் பற்றி ஒரே எண் போதும்: 2022இல் நாடு முழுவதும் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர், அவர்களில் பாதிப் பேர் பயணிகள். ஆகவே பின்இருக்கையிலும் பெல்ட் நினைவூட்டல் இருக்கும் காரையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்த இடம் தானியங்கி அவசர பிரேக்குக்கு. அது சாலையிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: எதிரில் இருப்பது அதன் கண்ணில் பட வேண்டும். முன்னால் போகும் வாகனத்தின் மீது பின்னாலிருந்து மோதும் விபத்துகளை, எச்சரிக்கை ஒலி மட்டும் உள்ள கார்கள் 27 சதவீதமும், எச்சரிக்கையோடு தானே பிரேக்கும் போடும் கார்கள் 50 சதவீதமும் குறைத்ததாக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. ஒலி எழுப்புவதோடு நிற்கும் காரையும் பிரேக் போடும் காரையும் ஒப்பிட இந்த வேறுபாடே போதும். பாதசாரிகளை அடையாளம் காணும் பிரேக் அத்தகைய விபத்துகளை 27 சதவீதம் குறைத்தது; ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் அதனால் பலன் தெரியவில்லை என்று அதே நிறுவனம் 2022இல் சொன்னது. நம் கிராமச் சாலைகளுக்கு இது கடுமையான எச்சரிக்கை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்தால், நிற்பதற்குச் சுமார் 70 மீட்டர் தேவை, 60 கி.மீ. வேகத்தில் 45 மீட்டர் போதும். இருட்டில் அந்த 25 மீட்டரைத் தருவது கருவி அல்ல, ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்த கால்தான். கருவிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கேமரா உருவத்தை நன்றாக அறியும். எதிர்வெயிலிலும் மழையிலும் தடுமாறும். ரேடார் தூரத்தையும் வேகத்தையும் இருளிலும் அளக்கும்; ஆனால் நின்றுகொண்டிருக்கும் பொருளை அதிக வேகத்தில் தவறவிடக்கூடும். ஆகவே இரண்டும் சேர்ந்த காரே மேல். கேமரா மட்டும் உள்ளது அதற்கு அடுத்தபடி. இரண்டும் இல்லாததைவிட அதுவும் நல்லதே.

மூன்றாவதாக வருபவை பின்பக்கக் கேமராவும் ப்ளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும். வீட்டு வாசலில் விளையாடும் குழந்தைக்கு முதலாவது, நான்குவழிச் சாலையில் இடப்பக்கம் நுழையும் பைக்குக்கு இரண்டாவது. கடைசி இடம் தடம் காக்கும் ஸ்டியரிங்குக்கும், முன்வண்டியைப் பார்த்து வேகம் மாற்றும் குரூஸ் கண்ட்ரோலுக்கும். இவை சாலையிடம் எதிர்பார்ப்பது மிக அதிகம்: தெளிவான கோடு, ஒழுங்கான போக்குவரத்து, எதிரே ராங் சைடில் யாரும் வராத நிலை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய நீண்ட ஓட்டத்தில் களைப்பைக் குறைக்க இவை உதவும். ஆனால் செஞ்சிச் சாலையில் பள்ளத்தைத் தவிர்க்க விலகும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கும் வசதி தொல்லைதான். களைப்பைக் குறைப்பது வேறு, மோதலைத் தடுப்பது வேறு. விளம்பரங்கள் இரண்டையும் ஒரே பெயரில் விற்கின்றன. வாங்குபவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மறுப்புகளும் நியாயமானவையே. கார் காரணமில்லாமல் பிரேக் போட்டால் பின்னால் வரும் ஜல்லி லாரி இடித்துவிடாதா என்கிறார்கள். நெருக்கிக் கட் அடிக்கும் பைக்குகளால் இது நடக்கக்கூடியதுதான். அதற்குத் தீர்வு பிரேக்கை அணைத்துவிடுவது அல்ல; எச்சரிக்கை உணர்திறனைக் குறைத்துக்கொள்வதும், பெரும்பாலான கார்களில் இருக்கும் அமைப்பைக் கொண்டு தடம் காப்பதை மட்டும் நிறுத்திவைப்பதும்தான். கருவி இருந்தால் ஓட்டுநர் அலட்சியமாகிவிடுவார் என்பது இன்னொரு மறுப்பு. இது குரூஸ் கண்ட்ரோலுக்கும் தடம் காப்பதற்கும் முழுக்கப் பொருந்தும். தானியங்கி ஓட்டத்தில் ‘இரண்டாம் நிலை’ (லெவல் 2) என்று விற்கப்படும் கார்களிலும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையதே. ஆனால் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே வேலை செய்யும் அவசர பிரேக்கையும் இஎஸ்சியையும் நம்பி யாரும் அலட்சியமாக ஓட்டுவதில்லை. இவை கடைசி இடத்தைப் பெறாததற்கு இதுவும் ஒரு காரணம். கவனமாக ஓட்டினால் போதாதா என்றால், கவனம் கட்டாயம் வேண்டும். ஆனால் இரவு மூன்று மணிக்குத் திருமணத்துக்குப் போய்த் திரும்பும் எந்த ஓட்டுநரின் கவனமும் முழுமையாக இருப்பதில்லை.

இனி தேர்வு. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், நல்ல மோதல் மதிப்பீடு, ஆறு ஏர்பேக், இஎஸ்சி உள்ள காரின் அடிப்படை வேரியன்ட்டை வாங்குங்கள். சன்ரூஃபும் பெரிய திரையும் அதற்கு ஈடாகாது. இன்னும் கொஞ்சம் தர முடிந்தால், அதே காரில் பாதசாரி, இருசக்கர வாகனம் இரண்டையும் அறியும் அவசர பிரேக் வரும் வேரியன்ட்டுக்குப் போங்கள். கூண்டு பலவீனமான காரில் எல்லா உதவிகளும் இருப்பதைவிட, உறுதியான காரில் ஒன்றும் இல்லாதிருப்பது மேல். பழைய கார் வாங்குவோர் இஎஸ்சி இருக்கிறதா என்பதை வேரியன்ட் வாரியாகச் சரிபார்க்கட்டும். ஷோரூமில் மூன்று கேள்விகள் கேளுங்கள்; முதல் இரண்டுக்கு உரிமையாளர் கையேட்டின் பக்கத்தைக் காட்டிப் பதில் சொல்லச் சொல்லுங்கள்: பிரேக் எந்த வேகம் வரை வேலை செய்யும்? இரவில் மனிதரை அறியுமா? முன்கண்ணாடி மாற்றினால் கேமராவைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? வாங்கிய பிறகு ரேடாரை மறைக்கும் பம்பர் கார்டு போடாதீர்கள். கேமராவின் முன் சாமி படமோ ஸ்டிக்கரோ ஒட்டாதீர்கள். நம் சாலைகள் மேம்படும்வரை, நல்ல சாலை இருந்தால்தான் காப்பேன் என்று சொல்லும் கருவியைவிட, இருக்கும் சாலையிலேயே காக்கும் கருவிக்குத்தான் நம் பணம் போக வேண்டும்.