நரம்பு நோவும் மரப்பும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே நாரி நோவினை ஒரு நோயென்று கருதுவார் மிகச் சிலரே. கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையிலே தாங்கி, சரிவிலே ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று நாள்முழுதும் கொழுந்தெடுக்கும் பெண்களும், கவ்வாத்துக் கத்தியோடு குனிந்தபடியே ஒரு மலையை முடிக்கும் ஆண்களும், உரமூட்டை சுமப்போரும் அதனைத் தொழிலின் கூலியில் ஒரு பங்காகவே ஏற்றுக்கொள்கின்றனர். எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பெரட்டுக்குப் போவர். நோவு நாரியை விட்டுத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கிப் பாதம் தூக்கவியலாத நிலை வந்த பின்னரே கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்பட்டுச் சத்திரசிகிச்சை பெறுகின்றனர்.

துன்பம் அத்துடன் தீர்வதில்லை. முதுகிலே தையல் ஆறிவிடுகின்றது. காலோ இன்னும் மரத்தே கிடக்கின்றது. பாதத்தின் ஓரம் தீப்பட்டதுபோல் எரிகின்றது. ‘ஒப்பரேசன் பிழைத்துவிட்டது’ என்று வீட்டாரும் லயத்தாரும் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நோயாளியும் அதனை நம்பி மனமுடைந்து, கிளினிக்குக்குப் போதலையும் நிறுத்திவிடுகின்றார். இத்தீர்ப்புப் பெரும்பாலும் அவசரத் தீர்ப்பே என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். யாம் வைத்தியர் அல்லேம், தமிழ் கற்பிப்போம். ஆயினும் தோட்டப்புறங்களில் நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே சொல் மாற்றிக் கொடுக்கும் பணி பலவேளை ஆசிரியர் தலையிலேயே வந்து விழுகின்றது. எம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் அப்பாடசாலைகளிலே பணிபுரிந்தவராதலின், இப்பொருள் அவர்க்குப் புதிதன்று.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். நாரியிலிருந்து காலுக்கு ஓடும் நோவு நரம்பின்பாற்பட்டது என்பதை 1764 ஆம் ஆண்டிலேயே நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் டொமெனிக்கோ கொட்டுன்னியோ ஒரு நூலில் விளக்கினார். அதற்குரிய காரணம் முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதே என்பதை அமெரிக்க வைத்தியர்களாகிய மிக்ஸ்ரர், பார் என்னும் இருவரும் 1934 இல் வெளியிட்டனர். இன்று செய்யப்படும் வட்டுச் சத்திரசிகிச்சைக்கு அவர்தம் கட்டுரையே வழிகாட்டியது. பிதுங்கிய துண்டை அகற்றி நரம்பின்மேலுள்ள அழுத்தத்தை நீக்குவதே அச்சிகிச்சையின் வேலை. நசுங்கிய நரம்பைத் தைத்துச் சீராக்குவது அதன் வேலையன்று. கல்லை எடுப்பவர் வைத்தியர். கல்லின்கீழ்க் கிடந்த புல் எழுவது புல்லின் வேலை.

அப்புல் எழுவதற்கு எத்துணைக் காலம் வேண்டும்? நரம்பிழையைச் சுற்றியுள்ள உறை மட்டும் பழுதுற்றிருப்பின் சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ உணர்வு மீளும். இழையே அறுபட்டிருப்பின் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும். நாரியிலிருந்து கால்விரல் வரை ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரம். மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் நாட்கள் வரும். அத்தூரம் முழுவதையும் எல்லா இழைகளும் கடந்துவிடுவதுமில்லை. பொதுவாகக் காலுக்கு ஓடும் நோவு முதலில் தணியும். வலிமை அடுத்து வரும். மரப்பே கடைசியில் நீங்கும். சிலர்க்கு ஒரு பகுதி மரப்பு என்றும் நின்றுவிடுதலும் உண்டு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி பட்டமரம்போல் நிற்பதைத் தோட்டத்தில் அறியாதார் இல்லை. அதைப் பார்த்துச் செடி செத்தது என்று எவரும் பிடுங்கி எறிவதில்லை. காலின் விடயத்திலும் அப்பொறுமை வேண்டற்பாலது.

இனி எமக்குரிய துறைக்கு வருவோம். நோவு என்பது ஒன்றன்று; பல. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து றொனால்ட் மெல்சாக் என்பவர் நோயாளர் தம் நோவைச் சொல்லும் சொற்களைத் தொகுத்து, 78 சொற்களை 20 வகுப்புகளாக்கி, 1975 இல் ஒரு வினாக்கொத்து வெளியிட்டார். சொல்லின் வேறுபாடு நோயின் வேறுபாட்டைக் காட்டும் என்பதே அதன் அடிப்படை. இவ்வாராய்ச்சிக்குத் தமிழைப்போல் வளமான மொழி பிறிதொன்று உண்டோ என யாம் வியப்பதுண்டு. உளைவு, கடுப்பு, பிடிப்பு என்பன தசையையும் மூட்டையும் சார்ந்தவை. பாரம் சுமந்த மாலையில் வருவன. எரிவு, காந்தல், சுரீரென்று மின்னல்போல் இழுத்தல், ஊசி குத்துதல், எறும்பூர்தல், தொட்டாற் கூசுதல் என்பன நரம்பைச் சார்ந்தவை. மரத்தல், திமிர்த்தல், மதமதப்பு என்பன உணர்வு குன்றலைக் குறிப்பன. ஒரே கால் மரத்தும் இருக்கும், எரிந்தும் கொண்டிருக்கும். உணர்வற்ற இடம் எப்படி எரியும் என்று கேட்டு நோயாளியைப் பொய்யர் ஆக்குவோர் உளர். பழுதுற்ற நரம்பு வெளிச்செய்தியைக் கொண்டுசெல்லாது. ஆயின் தானாகவே பொய்ச்செய்தி அனுப்பும். ஆதலின் இரண்டும் ஒருங்கே நிகழ்தல் இயல்பே.

சொற்குழப்பத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. யாழ்ப்பாணத்தார் ‘விறைக்குது’ என்பது பலவேளை மரத்தலையே குறிக்கும். அதனையே வேறு ஊரார் கேட்பின் கால் மடங்காது இறுகிற்று என்று கொள்வர். தோட்டத்துப் பாட்டி ‘காலு செத்துப்போச்சு’ என்றால் உணர்வில்லை என்பது கருத்து. மொழிபெயர்ப்பவர் அதனைப் பக்கவாதமாக்கிவிடக் கூடும். ‘வாதம்’ என்னும் சொல்லோ முழங்கால் வீக்கம் முதல் முடக்கம் வரை எல்லாவற்றையும் குறித்து, ஈற்றில் ஒன்றையும் தெளிவாகக் குறியாதொழிகின்றது. வைத்தியசாலை ஒன்றிலே ஒரு பெண் பாதத்து எரிவை நெடுநேரம் விரித்துரைக்க, உடன்வந்தவர் அத்தனையையும் ‘ரிதெனவா’ என்னும் ஒரே சிங்களச் சொல்லில் அடக்கியதை யாம் அருகிருந்து கேட்டோம். நோகின்றது என்பதற்கு மேல் அச்சொல் ஒன்றும் சொல்லாது. மரத்துக் கூசும் உணர்வுக்கு ‘ஹிரிவட்டெனவா’ என்ற சொல் அம்மொழியிலேயே உண்டு. அதனை அறிந்து வைத்திருப்பது பயனுடைத்து.

எழுத்தறிந்தார் செய்யத்தக்க இன்னுமொரு வேலை உண்டு. பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கத்திலே காலின் வடிவை வரைந்து, பஞ்சினால் மெல்லத் தடவி, உணர்வில்லாத இடத்தைப் பென்சிலாற் கோடிட்டு நாளையும் எழுதி வைக்கலாம். மாதம் ஒருமுறை அவ்வாறு செய்து வரின் எல்லை சுருங்குகின்றதா அன்றி விரிகின்றதா என்பது கண்ணுக்குப் புலனாகும். பெருவிரலும் புறங்காலும் மரத்தால் பெரும்பாலும் ஐந்தாம் நாரி நரம்பும், சின்னவிரலும் வெளியோரமும் உள்ளங்காலும் மரத்தால் அதற்கு அடுத்த நரம்பும் தாக்குண்டிருக்கும். ஆதலின் அப்படம் வைத்தியருக்கு ஒரு நல்ல கடிதமாகும்.

மருந்து பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பரசிற்றமோல் நரம்பெரிவுக்கு அதிகம் உதவுவதில்லை. அமிற்றிப்ரிலின், கபாபென்ரின், பிரிகபலின் என்பனவற்றை வைத்தியர் தருவர். முன்னது மனச்சோர்வுக்கும், பின்னவை வலிப்புக்கும் வழங்குவன என்பதறிந்து, ‘எம்மைப் பைத்தியம் என்று எண்ணினார்களோ’ எனச் சினந்து மாத்திரையை அடுப்பில் எறிந்தாரும் உளர். அம்மருந்துகள் சிறு அளவில் நரம்பின் பொய்ச்செய்தியைத் தணிக்கும் என்பதே கருத்து. எல்லார்க்கும் அவை பலிப்பதில்லை. 2017 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் காலுக்கோடும் நாரி நோவுக்குப் பிரிகபலின் வெறும் மாத்திரையினும் மேலான பயன் தரவில்லை. உண்போர்க்குத் தூக்கமும் தலைச்சுற்றும் வரும். செங்குத்தான படிக்கட்டிலே அது அபாயம். மதுவோடு சேர்தல் இன்னும் கேடு. வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்துதலும் ஆகாது.

மரத்த காலுக்குக் கண்ணே காவல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தைமாதத்துக் குளிரில் அங்கு அடுப்பருகே காலை நீட்டாதார் எவர்? மரத்த பாதம் சுடுவதை அறியாது. கொப்புளம் எழுந்த பின்னரே தெரியவரும். வெந்நீர்ப் போத்தலும் அவ்வாறே. கால் கழுவும் நீரின் சூட்டைக் கையால் முதலிற் பார்த்தல் வேண்டும். அட்டை கடித்தாலே எவர்க்கும் எளிதில் தெரிவதில்லை. மரத்த காலில் அது குடித்து விழுந்த பின்னர்ச் சீழ்வைத்தாலும் தெரியாது. செருப்புக் கழன்று பத்தடி பின்னே கிடக்க வெறுங்காலோடு நடந்து செல்வோரை யாம் கண்டிருக்கின்றோம். குதியைப் பற்றிப்பிடிக்கும் வார்ச்செருப்போ சப்பாத்தோ அணிவதே தக்கது. இரவு படுக்குமுன் ஒரு சிறு கண்ணாடியால் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். நீரிழிவும் உடையவர்க்கு இஃது இரட்டிப்புக் கடமை.

நடை நன்று. படுக்கையிலேயே கிடத்தல் தசையை அழிக்கும். இயன்மருத்துவர் காட்டிய பயிற்சியைச் சிறிது சிறிதாக, நாளும் விடாது செய்தல் வேண்டும். நன்றாக இருந்த நாளிலே நான்கு நாள் வேலையைச் செய்துவிட்டு அடுத்த நான்கு நாளும் படுத்துக் கிடப்பது பலரிடம் காணப்படும் வழக்கம். இது நோவை வளர்க்கும். அமெரிக்க சனாதிபதி ஜோன் கென்னடி 1944 முதல் 1957 வரை முதுகிலே நான்கு முறை கத்திக்கு இலக்கானவர். 1961 இன் பிற்பகுதியில் டாக்டர் ஹான்ஸ் குரோஸ் வகுத்த உடற்பயிற்சியைத் தொடங்கிய பின்னரே அவர் நிலை தேறலாயிற்று. வெள்ளை மாளிகையின் வசதி அனைத்தும் செய்யாததை வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் கொடுத்த பயிற்சி செய்தது.

பொறுமை வேண்டும் என்றோம். பொறுக்கலாகாதனவும் உள. மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்தல், சிறுநீர் தடைப்படல் அல்லது தானே ஒழுகல், இரு கால்களும் தளர்தல், பாதம் புதிதாகத் தொங்குதல், காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவத்தல் என்னும் இவற்றுள் ஒன்று தோன்றினும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 2017 இல் திறக்கப்பட்ட டிக்கோயாவின் புதிய வைத்தியசாலைக் கட்டடமும் நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையும் இருத்தலின், முதற்பரிசோதனைக்கே கண்டிக்கு ஓட வேண்டியதில்லை.

வேலைக்குத் திரும்பும் நாளே இறுதியாக எஞ்சும் சிக்கல். ‘இலகு வேலை’ என்று மட்டும் எழுதிய துண்டைக் கண்டு கங்காணி என் செய்வார்? எத்தனை கிலோவுக்கு மேல் சுமத்தலாகாது, எவ்வளவு நேரம் குனிதலாகாது, எத்தனை கிழமைக்கு என்பவற்றை அத்தாட்சியில் எழுதித் தருமாறு வைத்தியரைக் கேட்டல் வேண்டும். கேட்பதற்கு நோயாளி கூசுவாராயின், உடன்செல்லும் ஆசிரியர் கேட்கலாம்.