காட்சிக்கு முன் செய்யும் திருத்தம்

நூலொன்றை அச்சுக்கு அனுப்பும் ஆசிரியர், கடைசி இரவில் ஒரு பிழையைத் திருத்தப் புகுந்து வேறிரண்டு பிழைகளை உண்டாக்கிவிடுதல் உலகில் புதியதன்று. நூலிலுள்ள பிழையை வாசகர் பொறுத்து மேலே படிப்பர். கம்ப்யூட்டரில் ஆடும் வீடியோ விளையாட்டிலோ, ஒரு சிறு பிழையே ஆட்டம் முழுவதையும் நிறுத்திவிடக் கூடும். ஆகவே, பொதுமக்கள் முன் காட்டுதற்கு முன்னர் விளையாட்டை எங்ஙனம் திருத்த வேண்டும், எப்பொழுது திருத்தாது விடவேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பெரிய கம்பெனிகளின் ஆதரவின்றி, ஒருவரோ சிலரோ தம் சொந்தப் பிரயாசையால் இயற்றும் விளையாட்டுகளைச் சுயேச்சை விளையாட்டுகள் என்பர். விளம்பரத்திற்குப் பொருளில்லாத இவர்களுக்குக் கண்காட்சிகளே பெருந்துணை. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு தொடங்கிய பாக்ஸ் என்னும் கண்காட்சி அத்தகையது; 2010 முதல் அதன் கிளையொன்று பாஸ்டன் நகரில் கூடிவருகிறது. அங்கு வருவோர் ஒரு விளையாட்டின் முன் நிற்பது சில நிமிஷங்களே. பல்லாண்டு உழைப்பு அச்சில நிமிஷங்களில் நிறுக்கப்படுகிறது.

இதற்குத் தக்க உதாரணம் கனடா தேசத்து மான்ட்ரியல் நகரில் உருவான 'ஃபெஸ்' என்னும் விளையாட்டு. அதில், கோமெஸ் என்னும் சிறு வெண்ணுருவம் சிவப்புத் துருக்கிக் குல்லாய் ஒன்றைப் பெற்றதும், தட்டையென எண்ணியிருந்த தன் உலகிற்கு வேறு பக்கங்களும் உண்டென்று அறிகிறது. ஆடுவோர் அவ்வுலகைக் கால்வட்டமாகத் திருப்பித் திருப்பி வழி காணவேண்டும். ஃபில் ஃபிஷ் என்பார் இதனைக் கற்பனை செய்ய, ரெனோ பெடார் புரோகிராம் எழுதினார். 2008-இலேயே காட்சி அழகிற்காகப் பரிசு பெற்ற இவ்விளையாட்டு, 2011 மார்ச்சு மாதம் பாஸ்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, ஆட்டத்தின் நடுவே அடிக்கடி நின்றுபோயிற்று. ஃபிஷ் ஓடியோடி அதனை மீளத் தொடக்கிவைத்த காட்சியை 2012-இல் வெளிவந்த 'இண்டி கேம்: தி மூவி' என்னும் படத்தில் காணலாம். காண்போர் மனம் இரங்காதிராது.

இதிலிருந்து நாம் கற்கத்தக்கவை நான்கு.

முதலாவது, எல்லை நாள் குறித்தல். கண்காட்சிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே ஒரு நாளைக் குறித்து, அதன்பின் புதியது எதனையும் சேர்த்தலாகாது. கண்ட பிழையைக் களைதல் மட்டுமே தகும். புரோகிராமின் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னியிருத்தலின், ஓரிடத்தில் தொட்டது எதிர்பாராத வேறோரிடத்தில் சென்று தாக்கும். அதனைக் கண்டறியக் காலம் வேண்டும்.

இரண்டாவது, இடத்திற்கேற்ற பதிப்பை அமைத்தல். வீட்டில் ஆறமர ஆடுவதற்குரிய நீண்ட முன்னுரை, நின்றுகொண்டு ஆடுவோர்க்கு ஆகாது. பத்து நிமிஷத்தில் விளையாட்டின் சுவை விளங்க வேண்டும். கூடத்து இரைச்சலில் ஓசை கேளாதாகலின், ஒலியால் உணர்த்துவனவற்றைக் கண்ணுக்கும் தெரியக் காட்டவேண்டும். ஒருவர் பாதியில் விட்டுச் சென்றால், சிறிது நேரத்தில் அது தானே முதலிலிருந்து தொடங்குமாறு செய்தல் நலம்.

மூன்றாவது, சோதித்தலும் காத்தலும். கண்காட்சிக்குக் கொண்டுசெல்லும் இயந்திரத்திலேயே, விளையாட்டை அறியாத பிறரைக் கொண்டு மணிக்கணக்காய் ஆடுவித்துப் பார்த்தல் வேண்டும். இயற்றியவர் தாம் போட்ட பாதையிலேயே நடப்பராதலின் குழிகளைக் காணார். நன்றாய் ஓடிய முந்தைய பதிப்பொன்றையும் தனியே எடுத்துச் செல்லல் வேண்டும். புதியது கைவிட்டால் பழையது காக்கும்.

நான்காவது, வாய்மூடி நோக்கல். ஆடுவோர் தடுமாறும்போது அருகில் நின்று விளக்கம் சொல்லாது, தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொள்க. அக்குறிப்பே அடுத்த திருத்தத்திற்கு மூலதனம். அன்றிரவே விடுதியறையில் எல்லாவற்றையும் மாற்றிவிடும் ஆசையையோ அடக்கல் வேண்டும்.

திருத்தம் தானே தீங்கு செய்தற்கும் ஃபெஸ்ஸே சான்று. 2012 ஏப்ரலில் வெளியான அவ்விளையாட்டின் குறைகளை நீக்க அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விடுத்த திருத்தம், பெரும்பாலோர்க்கு நன்மை செய்தும், நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்கள் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது. உடனே அதனை மீட்டுக்கொண்டனர். மற்றொரு திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனியின் சோதனைக்கு அனுப்பப் பல்லாயிரம் டாலர் கட்டணம் ஆகுமென்று கூறி, ஜூலையில் அதே திருத்தத்தையே மறுபடியும் விடுத்தனர். அக்கட்டணம் 2013-இல் நீக்கப்பட்டது.

எனினும், பாஸ்டனில் நின்றுநின்று போன அவ்விளையாட்டே 2012 மார்ச்சில் சுயேச்சை விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. ஒருநாள் தவறு உழைப்பின் முடிவன்று என்பது இதனால் விளங்கும். ஆயினும் அத்தவறு தரும் வேதனை சிறிதன்று. பெரும்பாலும் தவிர்க்கவும் கூடியது. ஆய்வுக்கூடத்திலும் கலைவிழா மேடையிலும் தம் படைப்பைப் பிறர்முன் வைக்கும் மாணவர் யாவரும் இதனைக் கருத்திற் கொள்வாராக. சேர்க்கத் தெரிதல் ஆற்றல். நிறுத்தத் தெரிதல் அறிவு.