குளிர்ல இன்ஜினை அவசரப்படுத்தாதீங்க!

விமானம் ஓட்டக் கத்துக்க வின்னிபெக் பக்கம் போயிருக்கிற தம்பி, தங்கச்சிகளா! அங்கே ஜனவரியில மைனஸ் 20 டிகிரி சர்வசாதாரணம். பழைய செஸ்னா 172-ல ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருகினா எப்படி?

1. முதல்ல சூடாக்குங்க. பெரும்பாலான லைகாமிங் இன்ஜினுக்கு மைனஸ் 12-க்குக் கீழேயும், கான்டினென்டலுக்கு மைனஸ் 7-க்குக் கீழேயும் சூடாக்காம தொடக் கூடாதுங்கிறது கம்பெனிக்காரங்க கணக்கு. "சூடாக்காமலே ஸ்டார்ட் ஆச்சே அக்கா"ன்னு வராதீங்க. ஆகும்! ஆனா கிரான்க்கேஸ் அலுமினியம், உள்ளே சுத்துற கிரான்க்‌ஷாஃப்ட் எஃகு. குளிர்ல அலுமினியம்தான் அதிகமாச் சுருங்கும். பேரிங்ல ஆயில் ஓட இடமே இருக்காது. ஆயிலும் மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி இறுகிக் கிடக்கும். தேய்மானம் அன்னைக்குத் தெரியாது, பின்னாடி பில்லுல தெரியும்.

2. பத்து நிமிஷம் சூடான காத்தை அடிச்சுட்டு சிலிண்டரைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீங்க. அடியில இருக்கிற ஆயில் சம்ப் வரைக்கும் சூடு இறங்கணும். டிப்ஸ்டிக்கை உருவுங்க, ஆயில் சொட்டாம அப்படியே ஒட்டி நின்னா இன்னும் பொறுக்கணும். நேரமில்லாதவங்க ராத்திரியே எலக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டு, இன்ஜினுக்குப் போர்வை போத்திடுங்க.

3. குளிர்ல பெட்ரோல் லேசுல ஆவியாகாது. பிரைமரை மேனுவல்ல சொன்ன அளவுக்கு அடிங்க. த்ராட்டிலைப் போட்டுக் குத்தாதீங்க! கார்புரேட்டர் இன்ஜின்னா பெட்ரோல் கீழே தேங்கித் தீப்பிடிக்கும். பிடிச்சா ஸ்டார்ட்டரை விடாம சுத்துங்க, மிக்ஸ்சரை கட் பண்ணுங்க, த்ராட்டிலை முழுசாத் திறங்க. தீ உள்ளே இழுத்துக்கும்.

4. ரெண்டு சுத்து ஓடி அணைஞ்சுதா? எரிஞ்சப்போ வந்த ஈரம் ஸ்பார்க் பிளக் நுனியில உறைஞ்சிருக்கும். மறுபடி மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்தினா பேட்டரிதான் காலி. ஹீட்டரைக் கொண்டு வாங்க.

5. ப்ரொப்பெல்லரைக் கையால சுத்துறப்போ, மேக்னெட்டோ ஆஃப்ல இருந்தாலும் இன்ஜின் எந்நேரமும் பத்திக்கும்னு நினைச்சே நில்லுங்க.

6. ஓட ஆரம்பிச்சதும் 1,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதீங்க. ஆயில் பிரஷர் 30 விநாடியில காட்டணும். கடுங்குளிர்ல ஒரு நிமிஷம் பார்க்கலாம். முள் அசையலையா, உடனே அணைச்சிடுங்க.

7. கிளம்புறதுக்கு முன்னாடி குனிஞ்சு ப்ரீதர் குழாயைப் பாருங்க. யாரும் குனியறதில்லை! அதுல ஐஸ் அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி, முன்பக்க சீல் பிதுங்கி, ஆயில் மொத்தமும் பறக்கிறப்போ வெளியே கொட்டிடும்.