கடலோரத்தில் இருந்தால் தைரொயிட் வராதா?

நம்பிக்கை: "துறைமுகத்து மீன் தின்று வளர்ந்த நமக்குத் தைரொயிட் வராது. வந்தாலும் மீனைக் கூட்டி, கோவாவையும் மரவள்ளியையும் விட்டால் சரியாகிவிடும்."

உண்மை: திருகோணமலையில் இந்தப் பேச்சு பாதி நியாயத்தில்தான் பிறந்தது. தைரொயிட் சுரப்பிக்கு அயடீன் வேண்டும். வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடல்மீனில் அயடீன் இருப்பதும் உண்மை. ஆனால் 1980களின் பிற்பகுதியில் இலங்கையின் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, அயடீன் குறைவால் கழுத்து வீங்கும் கண்டக்கழலை மிக அதிகமாக இருந்தது கடலோரக் களுத்துறையில்: 100 பிள்ளைகளில் சுமார் 30 பேருக்கு. "அது மழை கொட்டும் ஈரவலயம், மண்ணிலுள்ள அயடீன் கழுவப்பட்டுப் போகும், நம்முடைய வறண்ட கிழக்கு அப்படியல்ல" என்று சொல்லலாம். சரி, அப்படியானால் காப்பாற்றுவது கடலல்ல என்பதை அந்த மறுப்பே ஒத்துக்கொள்கிறது. கடலிலிருந்து விளையும் கல்லுப்பிலும் அயடீன் மிகச் சொற்பமே தங்கும். அதனால்தான் உண்ணும் உப்புக்கெல்லாம் அயடீன் சேர்க்க 1995இல் சட்டம் வந்தது.

குறைபாட்டைத் தடுப்பது ஒன்று, வந்த நோயை மாற்றுவது இன்னொன்று. அயடீன் உப்பு பரவிய இடங்களில் தைரொயிட் சுரப்புக் குறைவுக்கு முதன்மைக் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. மீனைக் கூட்டுவதால் அந்தத் தாக்குதல் நிற்காது. கடற்பாசிக் குளிசை போன்றவற்றால் அயடீன் அளவுமீறினால் நிலைமை மோசமாகவும் கூடும். "அப்படியென்றால் அயடீன் உப்பையே விட்டுவிடலாமே?" என்றால், வேண்டாம்: கறிக்குப் போடும் வழக்கமான அளவு பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாது, அதை விட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகளும் கர்ப்பிணியும்தான் இழப்பார்கள். கோவா, மரவள்ளி மீதான பழியும் அளவு தெரியாத பழி. மரவள்ளியிலுள்ள நச்சு, உடலில் அயடீனைத் தடுக்கும் பொருளாக மாறுவது மெய்தான். ஆனால் சிக்கல் எழுவது அயடீன் குறைந்த இடத்தில், சரியாகப் பக்குவப்படுத்தாத மரவள்ளியே அன்றாடச் சாப்பாடாகும்போது. மூடாமல் நன்றாக அவித்து, அவித்த நீரை ஊற்றிவிட்டு, இடைக்கிடை உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. கோவாவின் அயடீனைத் தடுக்கும் தன்மையும் சமைத்தால் குறையும்.

உண்மையில் கவனம் வேண்டிய இடம் காலைத் தேநீர். சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் தைரொக்சின் குளிசையைப் பால்தேநீரோடு விழுங்கினால் மருந்து முழுதாக உடலில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரும் சாப்பாடும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. சோயாமீற்றையும் குளிசை நேரத்துக்கு ஒட்டி உண்ணாதீர்கள். கர்ப்பம் தரித்தால் குளிசையை நிறுத்தாமல் உடனே வைத்தியரைக் காணுங்கள். அளவைக் கூட்டவேண்டி வரலாம். மீன் நல்ல உணவு, தாராளமாக உண்ணுங்கள். ஆனால் குளிசையின் வேலையை மீன் செய்யாது.