புழக்கடைக் கோழி: வாங்குமுன் ஒரு கணக்கு

ஹைதராபாத்தின் இராஜேந்திரநகரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உள்ளது. 1988-இல் திட்ட இயக்ககமாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனமே வனராஜா, கிராமப்பிரியா ஆகிய புழக்கடைக் கோழிகளை உருவாக்கியது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50, 60 முட்டைகள் இடும். கிராமப்பிரியா திறந்தவெளியில் மேய்ந்தே 160 முதல் 180 வரை இடக்கூடியது. இந்த எண்ணைக் கண்டதும் நம்மில் பலர் உடனே பெருக்கல் கணக்கில் இறங்கிவிடுகிறோம். செலவுப் பக்கத்தையும் எழுதிப் பார்ப்போம்.

முதல் முட்டைக்கு ஐந்து மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை செலவு மட்டுமே. அடுத்தது தீவனம். கிராமத்துக் கோழி புழு, பூச்சி, சிந்திய தானியம் ஆகியவற்றால் பெரும்பகுதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். நகரத்துச் சிமெண்டு முற்றத்தில் அதற்கு வழியில்லை. முட்டையிடும் கோழிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 100 கிராம் தீவனம் தேவை. ஆண்டுக்கு 36 கிலோ. 180 முட்டைகள் கிடைத்தாலும், முட்டை ஒன்றுக்கு 200 கிராம் தீவனம் ஆகிறது. அதன் விலையைக் கடை முட்டையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மேய்ச்சல் நிலம் இல்லாதவர்க்கு இது வருமானமா, விருப்பமா என்பது விளங்கிவிடும். விருப்பத்திற்காக வளர்ப்பதில் தவறேதுமில்லை. அதைச் சேமிப்பு என்று கருதாதிருந்தால் போதும்.

பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இவ்வகைக் கோழிகள் பொதுவாக அடைகாப்பதில்லை. அடைகாக்கும் நாட்டுக்கோழியைக் கொண்டு பொரித்தாலும், அடுத்த தலைமுறை அதே அளவு முட்டையிடாது. எனவே முட்டை குறையும்போது புதுக் குஞ்சுகளை விலைகொடுத்தே வாங்க வேண்டும்.

முதல் ஆறு வாரங்கள் குஞ்சுகளுக்கு மின்விளக்கின் வெப்பமும் உரிய தடுப்பூசிகளும் இன்றியமையாதவை. வெள்ளைக் கழிச்சல் நோய் புகுந்தால் கூண்டே காலியாகலாம். தடுப்பு மருந்துக் குப்பி பல குஞ்சுகளுக்கான அளவில் வருவதால், பத்துக் குஞ்சுகளுக்காக அதை வாங்குவது வீண். தடுப்பூசி போட்டு ஆறு வாரம் வளர்த்த குஞ்சுகளைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

வாடகை வீடாயின் உரிமையாளரின் ஒப்புதலை முதலிலேயே பெறுக. சேவல் இன்றியும் பெட்டைகள் முட்டையிடும் என்பதால், விடியற்காலைக் கூவலைப் பற்றி அண்டை வீட்டாருக்குக் கவலை வேண்டாம். நாய், பூனை, கீரி நுழையாத இரவுக்கூடு மட்டும் உறுதியாக இருக்கவேண்டும்.

கடன் குறித்தும் நம்மிடம் கேட்கின்றனர். கிசான் கடன் அட்டை வசதி 2018-19 நிதிநிலை அறிக்கையில் கால்நடை வளர்ப்புக்கும் விரிவாக்கப்பட்டது. கோழி வளர்ப்பும் அதில் அடங்கும். எனினும், பத்துக் கோழிகளுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்றே கூறுவோம். சொந்த நிலத்தில் நூற்றுக்கணக்கில் வளர்க்க எண்ணுவோர், ஓராண்டுத் தீவனச் செலவை எழுதி எடுத்துக்கொண்டு கிளைக்கு வரலாம்.